புலி, சிறுத்தை, செந்நாய்: ஒரு காடு, மூன்று பங்குதாரர்கள்

செமஸ்டர் லீவில் சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் அப்புச்சி ஊருக்குப் போயிருந்தேன். போன அன்றைக்கே ஒரு கெட்ட சேதி. முந்தின ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்து அரை ஏக்கர் மக்காச்சோளத்தை உழுதுவிட்டுப் போயிருந்தது. சுற்றிலும் பழைய சேலை கட்டி வைத்திருக்கிறார், பரண் போட்டு ஆள் படுக்கிறது, பட்டாசும் வெடிக்கிறார். எதற்கும் பன்றி மசியவில்லை.

அன்று சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அப்புச்சி ஒரு விஷயம் சொன்னார்.

"எங்கய்யன் காலத்துல செந்நாயச் சுட்டா சர்க்காரு காசு குடுக்கும் கண்ணு. தோலக் கொண்டுபோயிக் காட்டோணும். எங்கய்யனும் ரெண்டு மூணு தடவ வாங்கியிருக்காரு."

"எதுக்குங்க அப்புச்சி காசு குடுத்தாங்க?"

"மானையெல்லாம் தின்னு தீத்துப்போடுதுன்னுதான்."

பக்கத்தில் இருந்த மாமா உடனே, "இப்ப அதையே காப்பாத்தறதுக்குக் காசு செலவு பண்றாங்க. பன்னி தின்னா கேக்க நாதியில்ல" என்றார். நியாயமான கோபம்தான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி விழுந்தது. சர்க்கார் காசு கொடுத்துச் சுடச் சொன்ன பிராணியை அதே சர்க்கார் காசு செலவழித்துக் காப்பாற்றுகிறது என்றால், ரெண்டில் ஒரு கணக்கு தப்பு. எந்தக் கணக்கு? பி.காம். படிக்கிறவனுக்குக் கணக்கு தப்பாக இருந்தால் தூக்கம் வராது (பரீட்சையில் மட்டும் நன்றாக வரும்!). கோவைக்குத் திரும்பியதும் லைப்ரரியில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

நம் ஊர் மலைகளில் புலி, சிறுத்தை, செந்நாய் என்று மூன்று பெரிய வேட்டை விலங்குகள் ஒரே காட்டில் இருக்கின்றன. ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் எல்லாவற்றிலும் இதே கதைதான். மூன்றுமே மான் தின்கிறவை. அப்படியிருக்க ஒன்றை ஒன்று ஒழித்துக் கட்டாமல் எப்படி இருக்கின்றன? மூன்றும் சேர்ந்து தின்றும் மான் ஏன் தீர்ந்துபோகவில்லை? இந்த ரெண்டு கேள்விக்கும் மனிதர்கள் காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களின் வரலாறுதான் விஷயம்.

நடுகல் காலம்

கொங்கு நாட்டில் பல ஊர்களில் புலிக்குத்திக் கல் என்று ஒரு வகை நடுகல் உண்டு. ஒரு வீரன் ஈட்டியாலோ வாளாலோ புலியைக் குத்துவதுபோலச் செதுக்கியிருப்பார்கள். புலியும் பின்னங்காலில் நின்று அவன் மேல் பாயும். ஆட்டுப்பட்டியையும் மாட்டுப்பட்டியையும் காக்கப் போய் உயிர் விட்டவர்களுக்கு எடுத்த கல் இது. சில இடங்களில் இன்றைக்கும் பூசை நடக்கிறது.

இந்தக் கற்களில் நிறைய மலையில் இல்லை, சமவெளியில் இருக்கின்றன. இன்றைக்கு நாம் புலியைக் கனவில்கூட நினைக்காத ஊர்களில் எல்லாம் ஒரு காலத்தில் புலி வந்திருக்கிறது. கொங்கு அப்போது மேய்ச்சல் நாடு. மாடுதான் சொத்து. அந்தச் சொத்தைத் தொட்ட புலியோடு மனிதன் நேருக்கு நேர் மோதினான். ஆனால் "புலி இனத்தையே ஒழிக்க வேண்டும், அதற்கு இவ்வளவு ரூபாய்" என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. பட்டிக்கு வந்த புலியோடு சண்டை, காட்டில் இருக்கும் புலி காட்டில் இருக்கும். அவ்வளவுதான்.

செந்நாயும் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையிலேயே செந்நாய் வருகிறது. ரெண்டாயிரம் வருடப் பழக்கம்!

பரிசுப் பணக் காலம்

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கோவைச் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் இன்றைக்கு இருப்பதைப்போல இல்லை. ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கமெல்லாம் அதில் அடக்கம். கொள்ளேகால் தாலுகாகூட 1956 வரை நம் மாவட்டம்தான். அதாவது மேற்கே ஆனைமலை, வடக்கே சத்தியமங்கலம் மலை தாண்டிப் பிளிகிரி மலை ஓரம் வரை ஒரே கலெக்டர்.

ஆங்கில அரசின் பார்வை வேறு மாதிரி இருந்தது. நிலத்தை உழுதால் வரி வரும், மரத்தை வெட்டினால் பணம் வரும். இதற்கு இடைஞ்சலான எந்த மிருகமும் ஒழிக்கப்பட வேண்டியது. ஆகவே இந்தியா முழுவதும் புலி, சிறுத்தை, ஓநாய், செந்நாய்க்கெல்லாம் பரிசுப் பணம் அறிவித்தார்கள். வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜனின் கணக்குப்படி 1875 முதல் 1925 வரையிலான ஐம்பதே ஆண்டுகளில் 80,000-க்கு மேல் புலிகளும், 1,50,000-க்கு மேல் சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன. இன்றைக்கு இந்தியாவில் இருக்கும் புலிகள் மூவாயிரத்துச் சொச்சம் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் புரியும்.

புலிக்காவது ஒரு மரியாதை இருந்தது. புலியைச் சுட்டால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். செந்நாய்க்கு அதுவும் இல்லை. துரைமார்களுக்குச் செந்நாயைக் கண்டாலே ஆகாது. அதற்கு ரெண்டு காரணம். ஒன்று, அது வேட்டையாடும் விதம். புலியும் சிறுத்தையும் பதுங்கிப் பாய்ந்து கழுத்தைக் கவ்வும். செந்நாய் இருபது கிலோகூட இருக்காது. ஒற்றைக் கடியில் மானைக் கொல்ல அதனால் முடியாது. கூட்டமாகத் துரத்தி, வயிற்றுப் பக்கம் கிழித்து, உயிர் போகும் முன்பே தின்ன ஆரம்பித்துவிடும். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் ஈரல் தின்னும் நமக்கு அதைச் சொல்ல என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை.

இரண்டாவது காரணம்தான் நிஜமான காரணம். மான் அவர்களுக்கு வேட்டைப் பொருள். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டார்கள். கடமானையும் வரையாட்டையும் கண்டபடி சுடக்கூடாது, லைசென்ஸ் வேண்டும், சீசன் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் எதற்காக? துரை சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. அப்போது லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடும் செந்நாய் அவர்கள் கண்ணுக்குத் திருடனாகத் தெரிந்தது. நீலகிரி வேட்டைக்காரர்களின் சங்கமும் செந்நாய்க்குப் பரிசு கொடுத்தது.

கணக்குப் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள், எந்த வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்று. பரிசுப் பணக்காரர்கள் ஒற்றைப் பதிவில் கணக்கு எழுதினார்கள். செந்நாய் வருடத்துக்கு இத்தனை மான் தின்கிறது, செந்நாயை ஒழித்தால் அத்தனை மான் மிச்சம். எதிர்ப்பக்கத்தில் எதையும் எழுதவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைசூர் அரசில் யானை பிடிக்கும் வேலை பார்த்த சாண்டர்சன் என்ற ஆங்கிலேயர் சாம்ராஜ்நகர் பக்கத்தில், அதாவது திம்பம் தாண்டினால் வரும் பகுதியில், பல வருடம் இருந்தவர். அவரே பெரிய வேட்டைக்காரர். 1878-ல் வெளியான தன் புத்தகத்தில், புலியை அடியோடு ஒழிக்கக் கூடாது, மானும் பன்றியும் பெருகிப் பயிரை அழிக்காமல் பார்த்துக்கொள்வதே புலிதான் என்று வாதாடினார். கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால்! யாரும் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. பரிசுப் பணம் தொடர்ந்தது.

மானைக் குறைத்தது யார்?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காலம் முழுக்க மான் குறைந்துகொண்டேதான் வந்தது. புலி குறைகிறது, செந்நாய் குறைகிறது, மானும் குறைகிறது. ஒற்றைப் பதிவுக் கணக்குப்படி மான் பெருகியிருக்க வேண்டுமே?

காரணங்களைத் தேடினால் பட்டியல் நீளம். ஆனைமலையில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்காகத் தேக்கு வெட்டினார்கள். வெட்டிய மரத்தை மலையுச்சியில் இருந்து சறுக்கி விட்ட இடம்தான் டாப்ஸ்லிப். காடு மொட்டையான பிறகு, ஹூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து மறுபடி தேக்கு வளர்த்தார். அவருடைய சமாதி இன்றைக்கும் டாப்ஸ்லிப் பக்கம் இருக்கிறது. வால்பாறை மேட்டில் 1890-களில் தொடங்கி மழைக்காடு காப்பியாகவும் தேயிலையாகவும் மாறியது. அடிவாரத்தில் உழவு ஏறியது. துப்பாக்கி மலிந்தது. ஜீப் வந்த பிறகு ராத்திரியில் லைட் அடித்துச் சுடுவது சுலபமாகிவிட்டது.

இதற்கெல்லாம் மேலே வெக்கை நோய். வீட்டு மாடுகளிடம் இருந்து காட்டுக்குள் பரவிய நோய் இது. 1968-ல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகள் (காட்டெருமை என்று நாம் சொல்வது) கூட்டம் கூட்டமாகச் செத்தன. எந்தப் புலியாலும் செய்ய முடியாத வேலையை ஒரு கிருமி சில மாதங்களில் செய்தது. பிறகு தடுப்பூசி போட்டுப் போட்டு, 2011-ல் அந்த நோய் உலகத்தில் இருந்தே ஒழிக்கப்பட்டது. காட்டுமாடு இன்றைக்கு வால்பாறைத் தேயிலைக்குள் சாவகாசமாக நிற்கிறதென்றால் அந்த ஊசிக்கும் அதில் பங்கு உண்டு.

ஆக, பழி செந்நாய் மேல், வேலை செய்தது கோடாரியும் துப்பாக்கியும் நோயும்.

முதுமலை 1940-லேயே சரணாலயம் ஆகிவிட்டது. ஆனாலும் செந்நாய்க்கு விமோசனம் வர ரொம்ப நாள் ஆனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது எடுத்த முதல் ஒன்பது காடுகளில் நம் பக்கத்துப் பந்திப்பூரும் ஒன்று. ஆனைமலை 1976-ல் சரணாலயம்.

எச்சத்தைப் பொறுக்கிய வாத்தியார்

இதுவரை எல்லோரும் அபிப்பிராயம்தான் சொன்னார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியவர்களில் முக்கியமான ஒருவர் நம் ஆள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிக்காரர், சிவகாசியில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர், டாக்டர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்தார். அப்போது கழுத்தில் மாட்டும் ரேடியோ கிடையாது, தானியங்கிக் கேமரா கிடையாது. ரெண்டு கண், ஒரு நோட்டு. செந்நாய் கொன்ற மானை அளந்தார், எச்சத்தைப் பொறுக்கி அதில் இருந்த முடியையும் எலும்பையும் வைத்து எதைத் தின்றது என்று கண்டுபிடித்தார். இந்தியாவில் காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியை ஒரு இந்தியர் விஞ்ஞான முறையில் ஆராய்ந்தது அதுதான் முதல் என்று சொல்கிறார்கள். 2024-ல் காலமானார். அதே காலத்தில் நீலகிரியில் வக்கீலாக இருந்த இ.ஆர்.சி. தாவீதார் சீகூர்ப் பக்கம் செந்நாய்களைக் கவனித்து எழுதினார். இருவரும் காட்டியது ஒன்றுதான். செந்நாய் ரத்தவெறி பிடித்த கொள்ளைக் கூட்டம் இல்லை, குட்டிக்குக் கறியைக் கக்கி ஊட்டி, கூட்டமே சேர்ந்து பிள்ளை வளர்க்கும் குடும்பம். மனிதனை வேட்டையாடுவதும் இல்லை.

அடுத்த பெரிய வேலை நாகரஹொளேயில் நடந்தது. உல்லாஸ் கரந்தும் மெல் சன்க்விஸ்டும் மூன்று விலங்குகளையும் சேர்த்து ஆராய்ந்து 1995-ல் வெளியிட்டார்கள். அதில் மூன்று எண்கள் முக்கியம். கொல்லும் முக்கிய இரையின் சராசரி எடை, புலிக்கு 91.5 கிலோ, செந்நாய்க்கு 43.4 கிலோ, சிறுத்தைக்கு 37.6 கிலோ.

மார்க்கெட்டிங் பேப்பரில் படிப்போமே, ஒரே சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தனி வாடிக்கையாளர் வட்டத்தைப் பிடிக்கும் என்று. அதேதான். புலி பெரிய சைஸ் கடை. காட்டுமாடு, கடமான். சிறுத்தையும் செந்நாயும் நடுத்தர சைஸ். புள்ளிமான், பன்றி, கடமான் கன்று.

அப்படியென்றால் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் ஒரே சைஸ் ஆகிறதே, அவை மோதாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நேரம் வருகிறது. முதுமலையிலும் மற்றக் காடுகளிலும் தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்ததில், செந்நாய் பகலில்தான் நடமாடுகிறது. காலையும் மாலையும் அதன் வேலை நேரம். புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இருட்டில். ஒரே கடையில் ஷிப்ட் மாதிரி! இது போக விதமும் வேறு. செந்நாய் ஓடித் துரத்தும், மற்ற இரண்டும் பதுங்கிப் பாயும். சிறுத்தைக்கு மரம் ஏறத் தெரியும். கொன்றதை மேலே தூக்கி வைத்துவிட்டால் கீழே எத்தனை செந்நாய் நின்றாலும் கவலை இல்லை. குரங்கு, முயல், முள்ளம்பன்றி என்று எது கிடைத்தாலும் தின்னும் சௌகரியமும் அதற்கு உண்டு.

நம் ஆனைமலையிலேயே 2001 முதல் 2004 வரை ஒரு ஆய்வு நடந்து 2011-ல் வெளியானது. அங்கே மூன்றுக்குமே பிடித்தமான இரை கடமான்தான் என்று தெரிந்தது. புலியின் உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடமான், செந்நாயின் உணவில் கால் பங்கு, சிறுத்தையின் உணவில் அதைவிடக் குறைவு. காட்டுமாட்டைச் செந்நாயும் சிறுத்தையும் தவிர்த்தன. ஆக ஒரே இரையில் மூவரும் கை வைக்கிறார்கள், ஆனால் ஒரே அளவில் அல்ல.

இதைப் படித்துவிட்டு "ஆஹா, என்ன ஒற்றுமை" என்று நினைக்க வேண்டாம். சமாதானம் எல்லாம் கிடையாது. சந்தர்ப்பம் கிடைத்தால் புலி சிறுத்தையைக் கொல்லும், செந்நாயையும் கொல்லும். செந்நாய்க் கூட்டம் சிறுத்தையை மரத்தில் ஏற்றிக் காவல் நிற்கும். நேபாளத்தில் சித்வன் காட்டில் 1970-களில் ஆராய்ந்த சைடன்ஸ்டிக்கர், புலி நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள, சிறுத்தை சின்ன இரையோடும் வேறு நேரத்தோடும் சமாளித்ததை எழுதினார். இரை ஏராளமாக, பல சைஸில் இருக்கும் காட்டில் மூன்றும் இருக்கலாம். பெரிய மான் போய்விட்டால் முதலில் புலிக்கு அடி. புலி சின்ன இரைக்கு இறங்கினால் அடுத்தவருக்கு அடி. ஓரத்துக்குத் தள்ளப்படும் சிறுத்தைக்கு அப்புறம் ஆடும் நாயும்தான் கண்ணில் படும். ஆகவே காட்டில் மான் திருடுகிறவன், தெரியாமலே ஊருக்குச் சிறுத்தை அனுப்புகிறான்.

மூலதனமும் வட்டியும்

சரி, முக்கியமான கேள்வி. மூன்று பேர் தின்றும் மான் ஏன் தீரவில்லை?

ஒரு புலி வருடத்துக்குச் சுமார் 50 பெரிய விலங்குகளைக் கொல்கிறது. கரந்தும் அவருடைய குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், புலிகள் ஒரு காட்டில் உள்ள இரை விலங்குகளில் வருடத்துக்குச் சுமார் பத்து சதவீதத்தை எடுக்கின்றன என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதாவது ஒரு புலி நிலைத்து வாழ அதன் காட்டில் 500 இரை விலங்குகள் வேண்டும். 500 மூலதனம், 50 வட்டி. சிறுத்தையும் செந்நாயும் எடுப்பது இதற்கு மேல். ஆனால் மான்கள் சும்மா இருப்பதில்லையே. புள்ளிமான் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு குட்டி போடும். பன்றி ஒரே ஈற்றில் நாலு, ஆறு. வட்டியைத் தின்றால் மூலதனம் குறையாது. இன்னொன்று, நாகரஹொளேயில் புள்ளிமான், கடமான், பன்றியில் வளர்ந்த ஆண்களே விகிதத்துக்கு அதிகமாகப் பலியாயின. ஒரு ஆண் பல பெண்களோடு சேரும் இனத்தில் சில ஆண்கள் போவதால் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது.

அதைவிட முக்கியம், மூலதனம் குறைந்தால் வேட்டை விலங்கே குறைந்துவிடும். இரை இல்லாத புலி குட்டி வளர்க்க முடியாது. அது கடன் வாங்கி வியாபாரம் பண்ணாது. மனிதனின் துப்பாக்கிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மான் குறைந்தால் துப்பாக்கி பட்டினியாகச் சாவதில்லை. பரிசுப் பணக்காரர்கள் எழுத மறந்த எதிர்ப்பக்கம் இதுதான்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களை ஒழித்துவிட்டார்கள். எல்க் மான்கள் பெருகின. புதிய செடி, தளிரையெல்லாம் மேய்ந்தன. கடைசியில் பூங்கா ஊழியர்களே மானைச் சுட வேண்டி வந்தது. 1995-ல் கனடாவில் இருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒழித்ததும் அரசாங்கம், திரும்ப விட்டதும் அரசாங்கம். எங்கள் மாமா அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

இப்போதைய நிலவரம்

2007-ல் முதுமலையும் ஆனைமலையும் புலிகள் காப்பகம் ஆயின. சத்தியமங்கலத்தின் கதை தனி. வீரப்பன் காலத்தில் அந்தக் காட்டுக்குள் ஆராய்ச்சியாளர் போக முடியாது. 2004-ல் அந்த அத்தியாயம் முடிந்தது. 2008-ல் சரணாலயம், 2013-ல் புலிகள் காப்பகம். 2010-க்குப் பிறகு புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-ல் சத்தியமங்கலத்துக்குச் சர்வதேச விருது கிடைத்தது. 2022 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 306 புலிகள். 2018-ல் 264. திம்பம் மலைப் பாதையில் 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த ராத்திரிப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இந்த விலங்குகளுக்காகத்தான். தாளவாடிக்காரர்களுக்கு அதனால் வரும் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது.

புலிக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. செந்நாயைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் இருக்கும் செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் என்று 2015-ல் மதிப்பிட்டார்கள். அழியும் நிலையில் உள்ள இனம். அவற்றுக்கு மிகப் பெரிய புகலிடங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஊட்டிக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போகும்போது சாலையோரம் சிவப்பாக நாய்கள் குறுக்கே ஓடினால் வண்டியை மெதுவாக்குங்கள். புலியைவிட அரிய காட்சி அது.

சிறுத்தைக் கதை கொஞ்சம் சிக்கல். வால்பாறையில் தேயிலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே சிறுத்தைகள் வாழ்கின்றன. அங்கே எச்சத்தை ஆராய்ந்தபோது பெரும்பங்கு காட்டு இரைதான் இருந்தது, வீட்டுக் கால்நடை ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் அங்கே எஸ்டேட் தொழிலாளர்களின் குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிய கொடுமை நடந்திருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இரைச் சதவீதம் பேச முடியாது. லைன் வீட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சம், கக்கூஸ், புதர் வெட்டுதல், கறிக்கடைக் கழிவைக் கொட்டாமல் இருத்தல் இவையெல்லாம் முதலில் நடக்க வேண்டும்.

அப்புச்சியின் சோளக்காடு

திரும்ப பன்றிக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு விதி அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு மேல் வனத்துறையினர் சுடலாம். காரணம் புரிகிறது. காட்டோரத்தில் பன்றி என்பது புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் சாப்பாடு. 3 கிலோமீட்டருக்கு அப்பால் அதைத் தின்ன யாரும் இல்லை.

அப்புச்சியின் பூமி காட்டில் இருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஆக அவருக்கு இந்த விதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"காட்டில் புலி இருந்தால் பன்றி வராது" என்று நான் அவரிடம் பொய் சொல்ல முடியாது. புலி இருக்கிறது, பன்றியும் வருகிறது. மக்காச்சோளம் மாதிரி ருசியான தீனி காட்டில் எங்கே கிடைக்கும்? என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வேட்டை விலங்குகள் மூன்றும் போய்விட்டால் பன்றி இன்னும் கூடுமே தவிரக் குறைவதற்கு வழி இல்லை. சாண்டர்சன் சொன்னதும் அதுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் இன்னும் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. கோவைக்காரன் குடிக்கும் சிறுவாணித் தண்ணீர், பவானித் தண்ணீர், பொள்ளாச்சிக்காரன் பாய்ச்சும் ஆழியாறு, எல்லாம் இந்தக் காட்டில் இருந்து வருகிறது. புலியைச் சாக்காக வைத்துத்தான் அந்தக் காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். லாபம் முழுக்க நமக்கு. நஷ்டம் அடிவாரத்தில் இருக்கும் அப்புச்சி மாதிரி ஆட்களுக்கு. கூட்டு வியாபாரத்தில் லாபத்தை ஒருவரும் நஷ்டத்தை இன்னொருவரும் எடுத்துக்கொண்டால் அந்தக் கூட்டு எத்தனை நாள் நிற்கும்? பயிர் நஷ்ட ஈடு தாமதம் இல்லாமல், நியாயமான தொகையாகக் கிடைத்தால்தான் காட்டோரத்து ஜனங்கள் இந்த மூன்று விலங்குகளையும் பொறுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பரிசுப் பணம் இல்லாமலேயே விஷம் வைக்கும் காலம் வரும். அதற்கு அப்புறம் எந்த விருதும் உதவாது.

கிளம்பும் அன்று அப்புச்சியிடம் நான் படிக்கப் போவதைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கய்யன் செந்நாய் சுட்டதையும் எழுதிப்போடு கண்ணு, மறைக்காத. அன்னைக்கு அது தப்புன்னு எங்களுக்கு ஆரும் சொல்லல" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் ஊரில் புலிக்குத்திக் கல் இருந்தாலோ, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செந்நாய்ப் பரிசு வாங்கின கதை சொன்னாலோ, தயவுசெய்து எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.